படகுப் படத்தின் கடைசி ரீல்

விமர்சகர் தன் வாழ்நாளில் ஒரு சினிமாவைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. இதை வெளியே சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், சொன்னவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகையில் அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் பாதி ஊர் தியேட்டருக்குப் போகும். மீதிப் பாதி, அதான் படித்தாச்சே, இனிமேல் போய் என்ன பார்க்க என்று வீட்டிலேயே இருந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷர், இடைவேளைக்கு அப்புறம் திரையில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டதே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். பத்திரிகைக்குத் தியேட்டர்காரர்கள் கொடுப்பது ஒரே ஒரு பாஸ். வீட்டில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்குமே சினிமாப் பைத்தியம். கல்யாணமான புதிதில் கைக்குழந்தை வேறு. ஒருத்தர் போனால் ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். நல்ல வேளையாக வீடு தியேட்டருக்குப் பின்சந்தில், இடைவேளை மணி அடித்தால் அடுப்படிக்குக் கேட்கும். அதனால் முதல் பாதி அவர், இரண்டாம் பாதி அவர் சம்சாரம் என்று ஏற்பாடு. மணி அடித்ததும் அவர் இந்தப் பக்கமிருந்து வேகமாக வருவார், அவள் அந்தப் பக்கமிருந்து வேகமாக வருவாள், சந்து நடுவில் பாஸ் கை மாறும். ரிலே ஓட்டக்காரர்கள் கட்டையை மாற்றிக்கொள்வார்களே, அப்படி. மாற்றும்போதே அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுவார், "தம்பி கெட்டவன். மாமனார் ஊமை மாதிரி நடிக்கறான். சிவப்புச் சட்டைக்காரன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ." அவள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடிவிடுவாள்.

படம் முடிந்து வந்ததும் அவள் இரண்டாம் பாதியைச் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து, திரைக்கதையில் தொய்வு, இதெல்லாம் அவர் கைச்சரக்கு. யார் செத்தார்கள், யார் திருந்தினார்கள் என்பதெல்லாம் அவள் கொடுத்தது.

குழந்தை வளர்ந்தது. அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் விமர்சகரின் அப்பா வழுக்கி விழுந்து கட்டிலோடு கிடந்தார், அவரையும் தனியாக விட முடியாது. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் இப்போது காவல் காக்க ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் மணி அடித்ததும் ரெண்டு பேரும் சந்துக்கு வந்துவிடுகிறார்கள். கால் அப்படிப் பழகிப்போச்சு.

அவளை ஊரில் எல்லாரும் தையலக்கா என்பார்கள். வாசல் அறையில் ஒரு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் வந்தால் கால் வைக்க இடமில்லாமல் வெள்ளைச் சட்டைக் குவியல். ஊரில் பாதிப் பிள்ளைகளின் காலர் அவள் கையால் மடித்ததுதான்.

விமர்சகர் எழுதியதிலேயே பேர் வாங்கியது படகுப் படத்துக்கு எழுதிய விமர்சனம். அந்தப் படத்துக்கு ஒரு நீளமான பேர் உண்டு, யாருக்கும் ஞாபகமில்லை, படகுப் படம் என்றால்தான் தெரியும். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது, பார்த்தவர்கள் குறைச்சல். ஆனால் விமர்சனத்தைப் படிக்காதவர்கள் கிடையாது. சலூன்காரர் அதை வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார், இன்னமும் பழுப்பேறி அங்கேயே இருக்கிறது. 'வசனமே இல்லாத அந்தக் கடைசிக் காட்சியில் டைரக்டர் நம் தொண்டையில் கையை வைக்கிறார்' என்ற வரியை முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.

தியேட்டர் மேனேஜர் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய படம் போடுவார். படத்துக்கு முன்னால் விமர்சகர் மேடையேறிப் பேசுவார். கொஞ்ச காலமாகக் கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. அதே சமயம் மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் போட்டிக்குக் கிளம்பியிருந்தார். புதுப்படம் முடிந்த கையோடு தியேட்டர் வாசலில் நின்று, செல்போனைத் தன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்து, "படம் தலைவலி, மாத்திரை என் கடையில கிடைக்கும்" என்பார். அதைத்தான் இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள்.

மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "சார், இந்த ஞாயிறு படகுப் படம் போடறேன். உங்க பேரைச் சொன்னா வர்ற கூட்டம் இதுக்கும் வரலைன்னா, அடுத்த மாசத்துல இருந்து மருந்துக்கடைக்காரரைப் பேச வெச்சுக்கறேன். பாஸும் அவருக்குத்தான் குடுக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பாஸ் போனால் மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் புழுங்கித் தள்ளியது. தையலக்கா சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு பொத்தான் துளையையும் நூலால் சுற்றிக் கட்டுகிற வேலை, கண்ணை அப்படி இப்படித் திருப்ப முடியாது. விமர்சகர் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே படகு. சண்டை வருது. அண்ணன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம ஊரை விட்டுப் போயிடறான். அவ துடுப்பைக் கையில எடுக்கறா. வருஷம் ஓடுது. ஒரு நாள் புருஷன் வந்து கதவைத் தட்டறான். அவ திட்டல, அழல. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. தட்டை வெக்கறா. அவன் குனிஞ்சு சாப்பிடறான். அவ சத்தமில்லாம வெளிய போயி படகை அவிழ்க்கறா. கேமரா அவ பின்னாடி போகல, கவனிங்க. சாப்பிடறவன் மேலயே நிக்குது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படகு சின்னதாகிட்டே போகுது. அவன் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தையலக்கா ஊசியைக் காலரில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. கேமரா எங்க நின்னுச்சுன்னுகூடச் சொல்றீங்களே, அதான்."

"அது விமர்சகனோட பார்வை. உனக்குப் புரியாது."

"சரி, புரியாது. கடிகாரத்துக்குப் பின்னாடி ரெண்டு பாஸ் இருந்துச்சே, இப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

பேசுகிறவர் குடும்பத்தோடு வரட்டும் என்று மேனேஜர் இந்தத் தடவை ரெண்டு பாஸ் அனுப்பியிருந்தார். விமர்சகர் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு, "தண்ணிக்குழாய் ஆபீசருக்குக் குடுத்துட்டேன்" என்றார். "நம்ம சந்துக்குத் தண்ணி ஒழுங்கா வரணும்ல?"

"ஒரு தடவையாவது ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்கலாம்னு நினைச்சேன்."

"நீதான் ஏற்கெனவே பாத்த படமாச்சே. அதுவும் அந்தக் கிளைமாக்ஸை நேர்ல பாத்த புண்ணியவதி. நான் உன் வாயால கேட்டதோட சரி."

தையலக்கா ஊசியைக் காலரிலிருந்து எடுத்தாள். அப்புறம், சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள், "நான் பாக்கலீங்க."

"எதை?"

"அந்தக் கிளைமாக்ஸை. தூங்கிட்டேன்."

விமர்சகர் திரும்பினார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல், ஞாபகமிருக்கா? ராத்திரி ராத்திரியா நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். அன்னைக்கு எனக்குக் கிடைச்ச சீட்டு ஃபேனுக்கு நேர் கீழ. உக்காந்தது ஒண்ணுதான் தெரியும். அந்த மாதிரி ஒரு தூக்கம் அதுக்கு முந்தியும் தூங்கினதில்ல, பிந்தியும் தூங்கினதில்ல. லைட்டைப் போட்டதும்தான் முழிச்சேன். வெளிய வந்தா, நீங்க பேனாவும் பேப்பருமா நம்ம வீட்டு வாசப்படியில நிக்கறீங்க. தூங்கிட்டேன்னு சொன்னா பாஸை வீணாக்கிட்டேன்னு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. சந்துல நடந்து வர்றதுக்குள்ள என்ன தோணுச்சோ, அதைச் சொல்லிட்டேன்."

"அப்ப அத்தனையும் பொய்யா?"

"என்ன கதைன்னு கேட்டீங்க, சொன்னேன்."

விமர்சகர் பக்கத்தில் இருந்த சட்டைக் குவியலின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க. அது இஸ்திரி போட்டது."

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் ஓடினார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். ரீல் டப்பாக்கள் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம்தான் வண்டியில் வரும் என்றார் மேனேஜர். "உங்களுக்கு எதுக்கு சார் அதெல்லாம்? இதைப் பாருங்க." மேஜையில் புது நோட்டீஸ் அடுக்கி வைத்திருந்தது. சாப்பிடும் கணவன், செல்லும் படகு, மறக்க முடியாத கடைசிக் காட்சி, வாருங்கள். விமர்சகர் நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

படத்தைப் பார்த்தவன் எவனாவது ஊரில் இருப்பான், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மறுநாள் காலையில் சலூனுக்குப் போனார். சலூன்காரர் அவரை உட்கார வைத்துத் துணியைப் போர்த்திக் கழுத்தில் இறுக்கினார்.

"படகுப் படம் நீங்க பாத்தீங்கல்ல?" என்றார் விமர்சகர்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? முதல் நாளே பாத்தேன்."

"முடிவு எப்படி வரும்? சும்மா சொல்லுங்க, உங்க வாயால கேப்போம்."

சலூன்காரர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்தினார். "அவன் சாப்பிடுவான் சார். அவ போயிட்டே இருப்பா. அந்தத் தட்டுல ஒரு அவிச்ச முட்டை இருக்கும். அதைக் கடைசியா சாப்பிடலாம்னு ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பான். அங்கதான் சார் எனக்கு அழுகை வந்துச்சு."

"முட்டையா?"

"நீங்க எழுதும்போது முட்டையை விட்டுட்டீங்க. அது ஒண்ணுதான் உங்க மேல எனக்குக் குறை."

காத்திருந்த பெஞ்சிலிருந்து டீக்கடைக்காரர் தலையை நீட்டினார். முட்டையெல்லாம் இல்லை, வெறும் சாப்பாடுதான், ஆனால் வெளியே மழை பெய்யும், அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்றார். பார்க்கவே மாட்டாள் என்றார் சலூன்காரர். ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. பாதி வெட்டிய தலையோடு விமர்சகர் நடுவில் உட்கார்ந்து, ஒருவேளை இதெல்லாம் நிஜம்தானோ என்று ஆசைப்பட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார், "ஏம்மா, நீ அரைத் தூக்கத்துல பாத்திருப்பே. அதான் மனசுல தங்கியிருக்கு. ஊர்ல எல்லாரும் பாத்திருக்காங்க."

"தூக்கத்துல படம் பாக்க நான் என்ன விமர்சகரா?" என்றாள் தையலக்கா, மெஷினை நிறுத்தாமலே.

ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. தட்டை வைத்தாள், பரிமாறினாள், அப்படியே வாசல் அறைக்குப் போனாள். அவர் வாயில் வைத்ததை மெல்லாமல் காது கொடுத்துக் கேட்டார். மெஷின் ஓடுகிற சத்தம் வந்த பிறகுதான் முழுங்கினார். சந்து நடையில் தோன்றியதாம். அவ்வளவு களைத்துப் போன ஒரு பொம்பளைக்கு, நடந்து வருகிற அந்தக் கொஞ்ச தூரத்தில், எங்கிருந்து தோன்றியது படகை அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்று? இத்தனை வருஷம் அதை ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தவருக்கு, அது யார் வீட்டுக் கதை என்று ஒரு நாளும் உறைக்கவில்லையே.

சாப்பிட்ட கை காய்வதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணிக்குழாய் ஆபீசர் வீட்டுக்குப் போனார். "ஐயா, நாளைக்குப் படம்னு குடுத்தேனே. அது கொஞ்சம் கலைப்படம். பாட்டு கிடையாது. ரொம்ப நேரம் தண்ணியையே காட்டுவாங்க."

ஆபீசரின் முகம் மாறியது. "நாள் பூரா தண்ணியைத்தானே பாக்கறேன். ஞாயித்துக்கிழமையும் அதேவா? தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு வேற ஒரு ஜோலி இருக்கு." பாஸை எடுத்து அவரே கையில் திணித்தார்.

விமர்சகர் அதைக் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் வைத்தார். தையலக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்ன திடீர்னு?"

"நாளைக்கு ஊர் சேர்ந்து என்னை அடிக்க வந்தா பக்கத்துல நம்ம ஆள்னு ஒருத்தர் வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை பார்த்து, இத்தனை நாள் போக்குக் காட்டிய மழை கொட்டியது. கூட்டம் வராது, மானம் தப்பியது என்று விமர்சகர் நினைத்தார். எங்கே? குடையும் கோணிப்பையுமாக ஊரே வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் முந்தின நாளே செல்போனில் பேசிப் போட்டிருந்தார், பெரியவர் எழுதினது சரியா என்று நேரில் பார்த்துச் சொல்லப் போகிறேன் என்று. அவர் முன்வரிசையில் செல்போனைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தியேட்டர் முழுக்க ஈரத்துணி வாடை.

விமர்சகர் மேடையேறினார். "பெரியோர்களே, தாய்மார்களே, இன்னைக்கு நான் முடிவைச் சொல்லப் போறதில்ல" என்றார்.

"அதுக்குத்தானே வந்தோம், சொல்லுங்க சார்" என்றது பின்வரிசை.

"பாத்துத் தெரிஞ்சுக்கங்க. எல்லாத்தையும் நானே சொன்னா படம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இதுவரைக்கும் அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். மேனேஜர் கதவோரம் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. தையலக்காவுக்கு முதல் பாதி என்பதே புதுசு. படத்தின் பேர் வருகிறபோது எழுத்து விடாமல் படித்தாள். "இவன் யாரு? இவன்தான் தம்பியா? பாத்தா நல்லவனா இருக்கானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்ப நல்லவன்தான், போகப் போகக் கெடுவான்" என்றார் விமர்சகர் ரகசியமாக. "அப்படியா? நான் பாக்கும்போதெல்லாம் கெட்டவனாவே இருப்பானுங்க. ஆரம்பத்துல நல்லவனா இருந்தானுங்கன்னு யார் கண்டா?" என்று வருத்தப்பட்டாள்.

இடைவேளை மணி அடித்தது. ரெண்டு பேரும் ஒன்றாக எழுந்து வெளியே போய், மழையில் சந்து நடுவரைக்கும் வந்துவிட்டார்கள். அவர் பாஸை நீட்டினார், அவளும் கையை நீட்டினாள். அப்போதுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்துகொண்டே திரும்பி ஓடினார்கள்.

இரண்டாம் பாதி விமர்சகருக்குக் கட்டோடு பிடிபடவில்லை. பாதி வழியில் இறங்கியே பழகினவனைக் கடைசி ஊர் வரைக்கும் வண்டியில் உட்கார வைத்த மாதிரி நெளிந்தார். அண்ணன் வெளியூரில் பணக்காரனாகிறான். தம்பி ஜெயிலுக்குப் போகிறான். அவள் மட்டும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அண்ணன் பெரிய மோட்டார் படகில் வந்து இறங்குகிறான். அவள் ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள். தம்பி திருந்திவிடுகிறான். எல்லாரும் மோட்டார் படகில் ஏறி நின்று, அக்கரை இக்கரை என்று ஒரு பாட்டுப் பாடிக் கையை ஆட்டுகிறார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது, விளக்கு எரிந்தது.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள்.

முதலில் சலூன்காரர்தான் எழுந்தார். "கடைசி ரீல் எங்கய்யா?"

அவ்வளவுதான். "ரீலைப் போடு" என்று தியேட்டரே எழுந்து நின்றது. ஆபரேட்டர் மழைக்குப் பயந்து சீக்கிரம் முடித்துவிட்டார் என்றார் ஒருத்தர். வெளியூர்க்காரன் நல்ல ரீலை வைத்துக்கொண்டு வேறு எதையோ ஒட்டி அனுப்பிவிட்டான் என்றார் டீக்கடைக்காரர். ஆபரேட்டர் காலி டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். "பூரா ஓட்டிட்டேங்க. இதுக்கு மேல ஒரு அடிகூட இல்லீங்க."

"முட்டை எங்க? அந்த முட்டையை நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் சலூன்காரர், ஏறக்குறைய அழுகிற குரலில்.

மேனேஜர் விமர்சகரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். "சார், நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

விமர்சகர் தொண்டையைச் செருமினார். "படம் அவ்வளவுதாங்க. எதுவும் குறையல."

"உங்களுக்குத் தெரியாது, நீங்க இறங்குங்க" என்றார் ஒருத்தர். "நீங்களே எழுதினீங்களே சார்" என்றார் இன்னொருத்தர்.

"எழுதினேன். ஆனா நான் பாக்கல."

தியேட்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தது. "பாவம், வயசாயிடுச்சு" என்று ஒரு அம்மாள் பக்கத்துச் சீட்டில் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. உண்மையைச் சொன்ன மனுஷனுக்குக் கிடைத்த மரியாதை அது. மருந்துக்கடைக்காரர் மட்டும் கெட்டி. செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அப்ப பாத்தது யாரு?" என்று கேட்டார்.

விமர்சகரின் கண் தானாகப் பெண்டாட்டி பக்கம் போனது. ஊரும் திரும்பியது.

தையலக்கா எழுந்தாள். மழையில் நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "நானும் பாக்கலீங்க. தூங்கிட்டேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப அது யார் கதை அக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நம்ம கதைதான். வேணும்னா சொல்றேன்."

சொன்னாள். மெஷினில் உட்கார்ந்து சொல்லுவாளே, அதே குரலில்தான், கையை ஆட்டவில்லை, ஏற்ற இறக்கமில்லை. கதவைத் தட்டுகிற சத்தம். சாப்பிட்டீங்களா என்ற ஒரு கேள்வி. தட்டு. நின்றவர்கள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். அவள் படகை அவிழ்க்கிற இடம் வந்தபோது மழைச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. விமர்சகர் மேடையிலேயே நின்றார். எத்தனையோ தடவை தன் வாயால் சொன்ன கதை. ஆனால் சொல்கிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் முதல் தடவை சொன்ன அன்றைக்கு அவர் பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டை?" என்றார் சலூன்காரர் மெதுவாக.

"இருந்துச்சுண்ணே. ஓரமா ஒதுக்கி வெச்சிருந்தான்" என்றாள் தையலக்கா. சலூன்காரர் டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"திரும்பி வருவாளா அக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பொண்ணு கேட்டது.

தையலக்கா கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிட்ட தட்டை அவன் கழுவி வெச்சிருந்தா வருவா."

பொம்பளைகள் பக்கமிருந்து கிளம்பின கைதட்டலில் மழைச் சத்தமே அமுங்கிப்போயிற்று. செல்போனில் எடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். மேனேஜர் வாசலில் வழிமறித்து, "அடுத்த மாசமும் வந்து பேசிடுங்க" என்றார். விமர்சகர் தலையாட்டப் போனார். "ரெண்டு பேரும்" என்று சேர்த்துக்கொண்டார் மேனேஜர். தையலக்கா கையில் தனியாக ஒரு பாஸ் கொடுத்தார்.

குடைக்குள் நடந்து வரும்போது விமர்சகர் சந்து நடுவில் நின்றார். கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "அன்னைக்கு நிஜமாவே போயிடலாம்னு நினைச்சியா?"

"நினைக்காம?" என்றாள். "எங்க போறது? எனக்குப் படகு ஓட்டத் தெரியாதே." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, பசிக்குது" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டில் அவள் பரிமாறினாள், தானும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவருக்கு முன்னாலேயே முடித்து எழுந்தாள். விமர்சகர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த மாசம் எந்தப் படம் போடலாம், யார் முதலில் பேசுவது, அவள் பேசினால் தான் எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்லிக்கொண்டே போனார். பதிலில்லை. மெஷின் சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். வாசல் அறையில் சட்டைக் குவியல்தான் இருந்தது. செருப்பைக் காணோம், குடையைக் காணோம்.

எச்சில் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. தியேட்டர் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்தது, மத்தியானக் காட்சிக்குப் புதுப்படம் ஆரம்பமாகியிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது.

திரும்பி உள்ளே போனார். தன் தட்டைக் கழுவினார். அவள் தட்டையும் கழுவினார். அதோடு விட்டால் போதுமா போதாதா என்று தெரியாமல், அடுப்படியில் கழுவி வைத்திருந்த பாத்திரங்களையும் எடுத்து இன்னொரு தடவை கழுவினார்.

இடைவேளை மணி அடித்தது. கால் தன்னால் சந்துக்குப் போனது. நடுவில் போய் நின்றார், யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம் தையலக்கா வந்து குடையை மடக்கினாள். அடுப்படியை ஒரு பார்வை பார்த்தாள். விமர்சகர் பேனாவும் பேப்பருமாக வாசப்படிக்கு வந்தவர், என்ன தோன்றியதோ, ரெண்டையும் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"படம் எப்படி?"

"முழுசா பாத்தேன்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

"ஏங்க, முதல் பாதியெல்லாம் இவ்வளவு நல்லாவா இருக்கும்? இத்தனை வருஷமா ஒரு படத்தைக்கூட நீங்க எனக்கு ஒழுங்கா சொன்னதே இல்லையே."